எபினேசரின் அறுபத்து மூன்று இரவுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் எபினேசருக்கு இருபத்தாறு ஆண்டுகள் வேலை; அதில் இருபத்து மூன்று ஆண்டுகள் காற்றுக் குழாய் ஃபிட்டர். கம்ப்ரசர் அறையில் புறப்பட்டு ஆலை முழுவதும் சுற்றிவரும் அழுத்தக் காற்றுக் குழாய்களின் மொத்த நீளம் 2,140 மீட்டர். அதில் எந்த இடத்தில் எத்தனை மூட்டு, எந்த மூட்டுக்கு எந்த வருஷம் வாஷர் மாற்றியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வார விடுமுறை நாளில் ஆலை ஓய்ந்து கிடக்கும்போது அவர் மட்டும் வருவார். கம்ப்ரசரை ஓடவிட்டுக் குழாயோடு குழாயாகக் காதைக் கொடுத்துக்கொண்டு நடப்பார். 'ஸ்ஸ்' என்று எங்கே கேட்கிறதோ அங்கே சோப்பு நுரையைத் தடவுவார். நுரை குமிழ் விட்டால் கசிவு. சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வட்டம் துடைக்கப்பட்டிருக்கும். ஆலையில் அவருக்கு 'லீக்கு எபி' என்றே பெயர்.

கவரைப்பேட்டைக்கு மேற்கே ஒரு காலனியில் 1954-இல் பிறந்தவர். அப்பா அடுத்தவன் நிலத்தில் நட்டு, அடுத்தவன் களத்தில் அடித்து, தன் பேரில் ஒரு சென்ட் இல்லாமல் செத்தார். எபினேசருக்கு எட்டாவது வரை படிப்பு. 1981-இல் ஆலைக்குள் மண் அள்ளப் போனவர், மூன்று வருஷத்தில் ஸ்பேனர் பிடித்தார். அந்தக் குடும்பத்தில் சட்டைப் பையில் அடையாள அட்டை குத்திக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். 1988-இல் காற்று ஹோஸை இணைக்கும் இரும்புக் கப்ளிங் ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்து மூக்குத் தண்டில் அடித்தது. எலும்பு உள்ளே போய், இரண்டு கண்ணுக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. கண்ணாடி போட்டால் அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் உடம்பு பருத்தது. கழுத்து தடித்தது. பகலில் தூக்கம் வந்து அழுத்தியது. மனைவி சாராளுக்கு மட்டும் வேறொன்றும் தெரியும்: தூங்கும்போது அவருக்குக் குறட்டை நின்றுபோகும், மூச்சும் சேர்ந்து நிற்கும். அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். சில சமயம் நாற்பது வரை எண்ணியிருக்கிறாள். பிறகு தண்ணீரில் அமுங்கினவன் வெளியே வருகிற மாதிரி ஒரு திணறல்.

2007 மார்ச் 20, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு முப்பத்தைந்து. பன்னிரண்டடி உயர மேடையில் நின்று ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்த எபினேசர், நின்றபடியே தூங்கிவிட்டார். கையில் இருந்த பதினெட்டு அங்குல ஸ்பேனர் கீழே விழுந்தது. கீழே நின்றவர் கம்ப்ரசர் ஆப்பரேட்டர் அசன் முகைதீன். பழவேற்காட்டுக்காரர், எபினேசருக்குப் பத்தொன்பது வருஷக் கூட்டாளி. மூன்றடி தள்ளி விழுந்ததால் தலை தப்பியது.

"கடல்ல ரெண்டு தபா கவுந்து பொழச்சி வந்தவன்டா நானு. உன் ஸ்பேனராலயா மவுத்தாவேன்?" என்று சிரித்து மறைக்கத்தான் பார்த்தார் அசன். பாதுகாப்பு அதிகாரி பார்த்துவிட்டார். மறைக்க முடியவில்லை.

சென்னையில் ஓர் இரவு படுக்கவைத்து, தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். மணிக்கு நாற்பத்தேழு தடவை மூச்சு நிற்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள். தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைக்கிறது; மூக்கில் மாஸ்க் மாட்டி, ஒரு மிஷின் வழியாக ராத்திரி முழுவதும் காற்றை ஊதி அந்த வழியைத் திறந்தே வைக்க வேண்டும். அதற்கு சீபேப் என்று பேர்.

ஆலையின் பணியாளர் அதிகாரி பூவராகவன் கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னார். மிஷினை ஆலையே தொண்ணூறு நாள் சோதனைக்கு வாங்கித் தரும்; எபினேசர் தன் காசில் வாங்குகிற விலை இல்லை அது. மிஷினுக்குள் ஓர் அட்டை இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு காற்று கசிந்தது என்பதை அது எழுதிக்கொண்டே வரும். தொண்ணூறு இரவில் எழுபது விழுக்காடு, அதாவது அறுபத்து மூன்று இரவு, நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருக்க வேண்டும். கசிவு நிமிடத்துக்கு இருபத்து நாலு லிட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் பழையபடி குழாய் வேலை. இல்லையென்றால் மருத்துவத் தகுதி இல்லை என்று கணக்கு முடிப்பு. அதுவரை ஸ்டோரில் நட்டு, போல்ட்டு எடுத்துக்கொடுக்கும் வேலை.

"அட்டை பொய் சொல்லாது, எபினேசர். நீங்களும் சொல்லாதீங்க" என்றார் பூவராகவன்.

ஜூன் 12, செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்கு மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தவன் கோபால். விற்பனை நிறுவனத்தின் டெக்னீசியன். இருபத்தெட்டு வயதிருக்கும். அன்றைக்கே பொன்னேரியில் ஒரு வீடு, மீஞ்சூரில் ஒரு வீடு பாக்கி வைத்திருந்தான். மாஸ்க்கை மாட்டினான், கழற்றினான், சுவிட்சைக் காட்டினான். ஆங்கிலத்தில் பதினோரு வரி அச்சடித்த ஒரு தாளை நீட்டினான்.

"இங்க ஒரு சைன் போடுங்கண்ணா."

"இன்னா எழுதிக்கீது இதுல?"

"மிஷின் வந்துச்சுன்னுதாண்ணா. ஃபார்மாலிட்டி."

எபினேசர் கையெழுத்துப் போட்டார். கோபால் வந்ததிலிருந்து போனதுவரை பதினெட்டு நிமிடம்.

முதல் வாரம் நரகம். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு எல்லா மூக்குக்கும் பொருந்துகிற மாதிரி செய்தது. எபினேசரின் மூக்குக்குச் செய்ததல்ல. 1988-இன் பள்ளம் வழியாகக் காற்று பீறிக்கொண்டு இரண்டு கண்ணிலும் அடித்தது. கண் வறண்டு காலையில் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும். இறுக்கிக் கட்டினால் மூக்குத் தண்டில் தோல் உரிந்தது. தளர்த்தினால் விளிம்பு படபடவென்று அடித்துக்கொண்டு, 'பர்ர்' என்று அசிங்கமான சத்தம் போட்டது. மூன்றாவது இரவு சாராள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அவரும் மாஸ்க்குக்குள் சிரித்தார். சிரித்தபோது இன்னும் கசிந்தது. தூக்கத்தில் தன்னை அறியாமல் கழற்றிப் போட்டுவிட்டு, விடிந்ததும் தலையணைக்கடியில் அது ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஜூலை 12 வியாழக்கிழமை, முப்பதாம் நாள் கணக்குப் பார்க்கக் கோபால் மடிக்கணினியோடு ஆலைக்கு வந்தான். நாலு மணி நேரம் தாண்டிய இரவுகள் ஐந்து. கசிவு ஐம்பத்திரண்டு லிட்டர். திரையில் சிவப்புக் கோடு.

"லீக்கைக் கொறைங்கண்ணா. இப்படியே போனா ஃபெயிலு."

"எப்பிடிக் கொறைக்கிறது தம்பி? மூக்கு இப்பிடிக் கீது. வேற சைஸ் மாஸ்க் கெடைக்குமா?"

"ட்ரையலுக்கு ஒரு மாஸ்க்குதாண்ணா. நீங்கதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

பக்கத்தில் நின்ற அசன், "இன்னா தம்பி, ஊர்ல இருக்கிற லீக்கையெல்லாம் அடைக்கிற ஆளுகிட்டயே லீக்கைக் கொறைன்றியே. மீனுக்கு நீச்சல் கத்துக் குடுக்குறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எபினேசர் சிரிக்கவில்லை. அவர் மனசில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் அறுபது இரவு. வேண்டியது ஐம்பத்தெட்டு. இரண்டே இரண்டு இரவுதான் தவறலாம்.

அந்த இரண்டும் அன்றைக்கும் மறுநாளும் போயின.

ஜூலை 14, சனிக்கிழமை. ஸ்டோருக்கு லீவு சொல்லிவிட்டார். காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஜன்னலோரம் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மிஷினை ஓடவிட்டார். சவரப் பிரஷ்ஷையும் சோப்பு நுரைக் கிண்ணத்தையும் சாராள் கையில் கொடுத்தார்.

"சுத்தியும் தடவு. எங்க குமிழ் வருதோ, அங்க கைய வெய்யி."

"கம்பெனிலதான் குழாய்க்கு நுரை பூசினீங்க. இப்ப மூஞ்சிக்கே பூசணுமா? கர்த்தரே, யாராச்சும் பாத்தா இன்னா நெனைப்பாங்க!"

"பாத்தா பாத்துக்கினு போறாங்க. தடவு சாரா."

முதல் குமிழ் எதிர்பார்த்த இடத்திலேயே வந்தது, மூக்குப் பள்ளத்தில். பழைய பனியனில் ஒரு துண்டு வெட்டி, நாலாய் மடித்து, பள்ளத்துக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்தார். இரண்டு மடிப்பில் கசிந்தது, ஐந்தில் மாஸ்க் தூக்கிக்கொண்டது, நாலில் நின்றது. அவர் வாழ்நாளில் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியிருக்காது.

நுரை மாஸ்க்கின் முகப்பிலும் பட்டிருந்தது. ஹோஸ் வந்து சேரும், முழங்கை மாதிரி வளைந்த மூட்டுக்கு மேலே, வளைவாக, ஆறு பொடித் துளைகள். ஆறிலும் நுரை கொதித்துக்கொண்டிருந்தது.

"இங்கியும் வருதுங்க. பாருங்க, எப்பிடி வருதுன்னு! இதான் பெரிய லீக்கு."

கழற்றிப் பார்த்தார். துளைகள் சுத்தமாக, ஒரே அளவாக இருந்தன. உடைசல் இல்லை, வேண்டுமென்றே போட்ட துளை. அங்கேதான் அவருடைய இருபத்தாறு வருஷம் அவரை இழுத்துக்கொண்டு போனது. ஆலைக்கு வரும் எந்தக் காற்றுப் பகிர்வுப் பெட்டியிலும் தேவைக்கு மேல் வாய்கள் இருக்கும். உபயோகத்தில் இல்லாத வாய்களைப் பிளக் போட்டு அடைப்பது ஃபிட்டரின் முதல் வேலை. பிளக் வராவிட்டால் தானே செய்து அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டவன் ஃபிட்டரே இல்லை. இந்த மாஸ்க்கிலும் பக்கவாட்டில் இரண்டு பெரிய வாய்கள் இருந்தன. அவற்றுக்கு ரப்பர் மூடி போட்டே வந்திருந்தது. ஆறு சின்னதுக்குத்தான் மூடி வரவில்லை.

கேட்காமல் செய்கிற ஆள் அல்ல அவர். பதினொன்று இருபதுக்குக் கடைத்தெரு போன் பூத்திலிருந்து விற்பனை நிறுவனத்தைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, மாஸ்க்ல ரெண்டு ஓட்டைக்கு மூடி கீது. ஆறு சின்ன ஓட்டைக்கு மூடி வரலம்மா."

"மூடி தனியா ஸ்பேர் வராது சார்."

"அப்ப நானே அடைச்சிக்கலாமா?"

"அதெல்லாம் டெக்னீசியன்தான் சார் சொல்லணும். அவர் நம்பர் இருக்குல்ல?"

கோபாலின் எண்ணுக்கு மூன்று தடவை அடித்தார். எடுக்கவில்லை. மிஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்திரண்டு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். பதினாலாம் பக்கத்தில் மாஸ்க்கின் படமும் அந்தத் துளைகளைக் காட்டும் ஓர் அம்புக்குறியும் இருந்தன. அம்புக்குறி, மூடி போடச் சொல்கிறதென்று எடுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரிக்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது. தவறவிட ஓர் இரவும் கையில் இல்லை. எம்சீல் பசையைப் பிசைந்து, ஊசி முனையால் ஆறு துளையிலும் திணித்து, விரலால் வழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். காய்ந்ததும் மறுபடியும் நுரை. ஒரு குமிழ்கூட வரவில்லை.

"பாத்தியா!" என்றார் சாராளிடம். மார்ச் மாதத்துக்கப்புறம் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அடுத்த ஐம்பத்தெட்டு இரவுகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒன்பதரைக்கு மாட்டினால் நாலரைக்குக் கழற்றுவார். மூச்சு முட்டியது. மூக்கில் ஊதுகிற காற்றை எதிர்த்து மூச்சை விடுவது, நிரம்பிய பலூனுக்குள் ஊதுகிற மாதிரி இருந்தது. தூக்கத்தில் உதடு பிரிந்து 'புஸ், புஸ்' என்று வாய் வழியே கொஞ்சம் காற்று போகும். விடியும்போது தலை வெடிக்கும். நெற்றிப் பொட்டில் இரண்டு பக்கமும் சுத்தியல் விழும். ஸ்டோர் மேஜையில் பத்து மணிக்கே கண் செருகும். நட்டு கேட்டவனுக்கு வாஷரை எடுத்துக் கொடுத்தார்.

"வெளுத்துப் போயிட்டீங்க" என்பாள் சாராள். "போடறதுக்கு முன்னாடியே தேவலாம்போலக்கீதே. டாக்டராண்ட சொல்லுங்க."

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்."

"கசப்புக்கும் அளவு கீதுங்க."

"சொன்னா, மிஷின் இவனுக்கு ஒத்துக்கலன்னு எழுதிடுவான். அப்புறம்? ஊட்ல குந்திக்கினு உன் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கவா?"

எபினேசர் காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். தலைவலியைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை.

செப்டம்பர் 10, திங்கட்கிழமை, காலை பத்தரை. பூவராகவனின் அறை. திங்கள்தோறும் வரும் ஆலை மருத்துவர் ஒரு பக்கம், மடிக்கணினியோடு கோபால் ஒரு பக்கம். எபினேசர் சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, மிஷின் பையை மடியில் வைத்திருந்தார். வெளியே அசன் டீ டம்ளரோடு காத்திருந்தார்.

கோபால் அட்டையைச் செருகினான். திரை ஓடுவதற்கு முன்பே எபினேசர், "அறுபத்து மூணு, சார்" என்றார்.

கோபால் எண்ணிப் பார்த்தான். "ஆமா சார். கரெக்டா அறுபத்து மூணு."

"கரெக்டா அறுபத்து மூணா?" பூவராகவன் நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணு ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல?"

"கடைசி அம்பத்தெட்டும் ஒண்ணுகூட விடல சார்."

"லீக் எவ்வளவு?" என்றார் மருத்துவர்.

கோபால் திரையைத் திருப்பிக் காட்டினான். முதல் முப்பத்திரண்டு நாள் கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. பிறகு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி அடிக்கோட்டோடு ஒட்டிப் படுத்திருந்தது. பூஜ்ஜியம். ஐம்பத்தெட்டு இரவும் பூஜ்ஜியம்.

எபினேசருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பூஜ்ஜியம் சார். அதான் சார் நம்ம வேலையே."

மருத்துவர் முகம் மாறியது. "மனுஷன் மூஞ்சியில மாட்டினா பூஜ்ஜியம் வருமா கோபால்?"

"வராது டாக்டர். எவ்வளவு நல்லா மாட்டினாலும் புரளும்போது கொஞ்சமாவது வரும். இந்த மாடல்ல மூச்சு ரெக்கார்டு இல்ல. டைமும் லீக்கும்தான்."

"அப்போ மூஞ்சியில மாட்டவே இல்ல." பூவராகவன் முன்னால் குனிந்தார். "எதுல மாட்டினே எபினேசர்? சோத்துப் பானையிலயா? தலகாணியிலயா? மிஷினை ஓட விட்டுட்டு நீ பாட்டுக்குக் கொறட்டை விட்டியா?"

தொண்ணூறு நாளுக்கு முன்னால் இருந்த 'நீங்க' எங்கே போனதென்று எபினேசருக்குப் புரியவில்லை. ஆனால் இதை அவரால் நிரூபிக்க முடியும். பையைத் திறந்து மாஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். பனியன் துண்டைக் காட்டினார். முகப்பைத் திருப்பி, வழித்துத் தேய்த்த ஆறு இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"மூடி வரல சார். நானே அடைச்சேன். வேணும்னா சோப்புத் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க, இங்கியே காட்டறேன்."

கோபால் மாஸ்க்கைக் கையில் எடுத்தான். அடைத்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தான்.

"அண்ணா... இது நீங்க விடற மூச்சு வெளிய போறதுக்கு வெச்ச ஓட்டைண்ணா. மிஷின் இதுல போற காத்தைக் கழிச்சிட்டுத்தான் லீக்கைக் காட்டும். இதுல போகவே இல்ல, அதான் பூஜ்ஜியம். இதை அடைச்சா விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கினு இருப்பீங்க. ஏதோ வாயைத் தொறந்து தூங்கினதால உயிரோட இருக்கீங்க."

மருத்துவர் எபினேசர் பக்கம் திரும்பினார்.

"காலையில தலவலி இருந்துதா?" என்றார் மருத்துவர்.

"இருந்துது சார்."

"தெனமுமா?"

"தெனமும்."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கலன்னு எழுதிடுவீங்களோன்னு..."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் ஐம்பத்தெட்டு இரவு சிகிச்சையே நடக்கவில்லை என்று அவர் எழுதத்தான் வேண்டும். அது உண்மையும்கூட.

எபினேசர் கோபாலைப் பார்த்தார். "நீ சொன்னியா தம்பி, அந்த ஓட்டை எதுக்குன்னு? ஒரு வார்த்தை சொன்னியா? மூணு தபா போன் போட்டேன், எடுத்தியா?"

கோபால் பூவராகவனைப் பார்த்தான். "எல்லாருக்கும் சொல்றதுதான் சார். ஃபார்ம்ல சைன் வாங்கியிருக்கேன்." கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து வைத்தான். ஏழாவது வரியில், மாஸ்க்கின் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது என்று எனக்கு விளக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. பூவராகவன் அதைத் தமிழில் படித்துச் சொன்னார். கீழே எபினேசரின் கையெழுத்து, 12-6-2007.

"இன்னொரு தொண்ணூறு நாள் குடுங்க சார். இப்பதான் தெரிஞ்சிபோச்சே."

"தெரிஞ்சது இல்ல விஷயம். பாதுகாப்புக்கு வெச்ச ஒண்ணைப் பதில் கெடைக்காமலே அடைச்சவனை நான் எப்படி மேடையில ஏத்தறது? இன்னிக்கு மாஸ்க். நாளைக்கு நீ சேஃப்டி வால்வையே லீக்குன்னு அடைப்ப."

எபினேசர் எழுந்து நின்றார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"ஆலையில பதினோரு சேஃப்டி வால்வு கீது சார். அத்தினிக்கும் செவப்புப் பெயின்ட் அடிச்சி, கீழ தமிழ்ல 'தொடாதே'ன்னு எழுதிக்கீது. நான்தான் எழுதினேன். படிக்கத் தெரியாதவனுக்குக் கை படமும் போட்டு வெச்சிருக்கேன்."

பூவராகவன் கோப்பை மூடினார். "கணக்கு முடிச்சாச்சு. மிஷினை இன்னிக்கே குடுத்துட்டுப் போ."

"ரிட்டர்ன் சலான் நாளைக்குத்தான் வரும் சார்" என்றான் கோபால், யாரையும் பார்க்காமல். "ஊட்டுக்கே வந்து எடுத்துக்கறேன்."

வெளியே அசன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். ஆறிப்போன டீயைக் கையில் திணித்தார்.

"இன்னாடா சொன்னானுங்க?"

எபினேசர் நடந்ததைச் சொன்னார். அசன் முழுவதும் கேட்டார். பிறகு, "லீக்கு இருந்தா ஃபெயிலு, லீக்கு இல்லாங்காட்டி கேசு. நல்லாக்கீதுடா இவனுங்க நாயம்" என்றார். எப்போதும் சொன்னதற்குத் தானே முதலில் சிரிக்கிற மனிதர், அன்று சிரிக்கவில்லை.

வீட்டில் சாராள் அழவில்லை. திட்டினாள். கோபாலைத் திட்டினாள், பூவராகவனைத் திட்டினாள், நுரை தடவிய தன் கையைத் திட்டினாள். "நான்தான காட்டினேன், இதான் பெரிய லீக்குன்னு. என் கண்ணு அவிய" என்றாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, தையல் ஊசியால் எம்சீலைக் கிள்ளிக் கிள்ளி எடுக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு எடுத்துக்கினு போறவன் மிஷினுக்கு இது எதுக்கு?" என்றார் அவர்.

"எதுக்கோ."

ஆறு துளையும் திறக்க இரண்டு மணி நேரம் ஆனது. அன்று ராத்திரி பனியன் துண்டோடு, திறந்த துளைகளோடு, அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றோராவது இரவு. மூக்குப் பள்ளத்தில் காற்று பீறவில்லை. விட்ட மூச்சு துளைகள் வழியே மெல்லிய 'ஸ்' என்று போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் எந்தச் சத்தத்தைக் கேட்டால் எழுந்து ஓடுவாரோ, அந்தச் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். சாராள் வழக்கம்போல எண்ணக் காத்திருந்தாள். மூச்சு நிற்கவே இல்லை. எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் அவளும் தூங்கினாள்.

காலை ஐந்து இருபதுக்கு எழுந்தார். தலை வலிக்கவில்லை. கண் எரியவில்லை. உடம்பில் ஏதோ ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. எழுந்து நின்று, கையை நீட்டிப் பார்த்தார். முப்பது வயதில் கை இப்படித்தான் இருந்தது. வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, கும்மிடிப்பூண்டி முதல் ஷிப்ட் ரயிலுக்குப் போகிறவர்களைக் கடைசி ஆள் போகும்வரை பார்த்தார். கொட்டாவிகூட வரவில்லை.

"இப்பிடித்தான் இருந்திருக்கணும்" என்றார் உள்ளே வந்து. "தொண்ணூறு நாளும் இப்பிடித்தான் இருந்திருக்கணும் சாரா."

பத்து நாற்பதுக்குக் கோபால் வந்தான். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மிஷின் ஒன்று, ஹோஸ் ஒன்று, மாஸ்க் ஒன்று, பட்டி ஒன்று, புத்தகம் ஒன்று என்று சலானில் குறித்தான். வழக்கப்படி அட்டையை மடிக்கணினியில் செருகினான். திரையைப் பார்த்தவன் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தான்.

சாராள் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "நேத்து ராத்திரி கணக்கு கீதாப்பா அதுல?"

"இருக்கும்மா."

"எவ்ளோ?"

"ஏழு மணி நாப்பது நிமிஷம். லீக்கு ஆறு. இவ்வளவு நல்ல ரீடிங் நான் பாத்ததில்லம்மா."

"அதை அந்தப் பெரிய ஆபீசர்கிட்ட காட்டேன். எங்க ஊட்டுக்காரரால ஆவும்னு இதுல எழுதிக்கீதுல்ல?"

"தொண்ணூறு நாளோட முடிஞ்சி போச்சும்மா. தொண்ணூத்தோராவது நாளை யாரும் பாக்க மாட்டாங்க."

"நீ பாத்தியேப்பா."

அடுத்த நோயாளிக்குக் கொடுக்கும் முன்பு அட்டையைக் காலி செய்ய வேண்டும் என்பது கோபாலின் நிறுவனத்தின் விதி. அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் மலை, தரை, கடைசி நாளின் சின்ன மேடு எல்லாம் ஒரே தடவையில் போயின. எபினேசர் கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள், செப்டம்பர் 12, புதன்கிழமை, பகல் இரண்டு பத்துக்கு, பிசைந்த சோற்றில் கை இருக்க, வாய் திறந்து, எபினேசர் தட்டின்முன் தூங்கிப்போனார். சாராள் அவர் கையை எடுத்துத் துடைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள்.